அவைக்கு வராத ஆராய்ச்சி

கல்வராயன் மலையின் செடிகொடிகளைப் பற்றியும், அவற்றைக் கொண்டு அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் நோய்களைத் தீர்த்துக்கொள்ளும் விதத்தைப் பற்றியும் எழுதப்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் இன்று கணிசமாகவே உள்ளன. ஆயினும் அம்மலையின் அடிவாரத்துக் கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு அவற்றைத் தேடிப் படிக்க முற்படும் வாசகன், பல சமயங்களில் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்தபின், முழுக் கட்டுரைக்கு இத்தனை டாலர் கட்டுக என்று கேட்கும் இடத்தோடு நின்றுவிட நேர்கிறது. மருந்தறிவைச் சொன்ன முதியவர் வெள்ளிமலைப் பக்கத்துக்காரர்; அதைக் கேட்டு எழுதியவர் சமவெளிக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர்; அவருடைய சம்பளமும் அவர் மாணவரின் உதவித்தொகையும் பெரும்பாலும் பொதுமக்களின் வரிப்பணம்; எழுதி முடித்த கட்டுரை மட்டும் கடல் கடந்த ஒரு வியாபார ஸ்தாபனத்தின் சொத்தாகிவிடுகிறது. இந்த விபரீதத்துக்கு நாம் பழகிப்போய்விட்டோம். பழகிப்போனதனால் அது நியாயமாகிவிடவில்லை என்பதையும், இதற்கு ஒரு மார்க்கம் வெகுகாலமாகவே நம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துவருகிறது என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அந்த ஆசிரியர் செய்கிற வேலை எத்தகையது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து காச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையைத் தாண்டி, கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் பஸ்ஸில் போய் இறங்கி, அதற்கப்பால் ஊர் ஊராக நடந்து, பூவோ காயோ உள்ள கிளையாகப் பார்த்து ஒடித்து, பழைய செய்தித்தாள்களுக்கிடையே வைத்து, பலகையிட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிறார். ஈரத்தை உறிஞ்சிய தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாள் தவறினாலும் இலை கறுத்துப் பூசணம் பிடித்துவிடும். காய்ந்த கிளையைக் கனத்த தாளில் ஒட்டி, எடுத்த இடம், தேதி, உயரம், மலைமக்கள் வழங்கும் பெயர், எடுத்தவர் பெயர் இவ்வளவையும் மூலையில் எழுதி, பெயர் நிச்சயிப்பதற்காகக் கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறார். இவ்வளவும் செடிக்கு. மனிதரிடம் கேட்டு அறிவது இதனினும் நுட்பமான காரியம். வேரா பட்டையா, இடித்த சாறா கஷாயமா, எத்தனை நாள், எதனோடு சேர்த்து, எவருக்குக் கொடுக்கலாகாது என்பனவற்றையெல்லாம் வைத்தியம் தெரிந்த ஒரு பெரியவர் முதல் நாளிலேயே சொல்லிவிடுவதில்லை. வந்தவர் எதற்காகக் கேட்கிறார் என்பதைத் தாம் முதலில் விசாரித்துத் தெளிந்த பிறகே அவர் வாய் திறக்கிறார். அவர் திறந்த மனத்தோடு சொன்னது கடைசியில் ஆங்கில அட்டவணையில் ஒரு வரியாகச் சுருங்குகிறது. அந்த ஒரு வரியையும் அவர் பேரன் படிக்க முடியாதபடி பூட்டிவைப்பதற்கு யாருக்கு என்ன உரிமை?

இதே மலைகளை ஆராய்ந்த ஒருவர் வேறு விதமாகவும் நடந்து காட்டியிருக்கிறார். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் தாவரகத்தை நிறுவிய பாதிரியார் கே. எம். மாத்யூ, சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் முதலிய மலைகளை உள்ளடக்கிய நிலப்பரப்பின் தாவரங்களை ஆண்டுக்கணக்காகச் சேகரித்து, 1980களில் பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். வெளியிட்டது எந்தப் பன்னாட்டு நிறுவனமும் அன்று, அந்தத் தாவரகமே. இன்றும் தமிழ்நாட்டுத் தாவரவியல் மாணவர் ஒரு செடியின் பெயரைச் சந்தேகமறத் தெரிந்துகொள்ள அந்தத் தொகுதிகளைத்தான் புரட்டுகின்றனர். எந்தச் சஞ்சிகையில் வந்தது, அதன் இம்பாக்ட் ஃபேக்டர் என்ன என்று அவற்றைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

ஆனால் இன்றைய கல்லூரி ஆசிரியரை அந்தக் கேள்விகள் தூங்கவிடுவதில்லை. பேப்பர் போட்டாயிற்றா, ஸ்கோபஸ் பட்டியலில் இருக்கிறதா, எத்தனை மார்க் என்று துறைத்தலைவர் முதல் நேர்முகக் குழுவினர் வரை கேட்கிறார்கள். ஆகவே கட்டுரை ஒரு சஞ்சிகைக்குப் போகிறது. அங்கே அது 'அண்டர் ரெவ்யூ' என்ற இரண்டு சொற்களுக்குள் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கிறது. அதை மதிப்பிடுகிறவரும் இன்னொரு கல்லூரியின் ஆசிரியரே. அவருக்குச் சஞ்சிகை ஒரு பைசா கொடுப்பதில்லை. மறுக்கப்பட்டால் அடுத்த சஞ்சிகை, மீண்டும் முதலிலிருந்து அதே காத்திருப்பு. ஏற்கப்பட்டால் பதிப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அல்லது எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட ஆசிரியரே பணம் கட்ட வேண்டும். நேச்சர் சஞ்சிகை 2021 முதல் அவ்வாறு வெளியிட நிர்ணயித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ, அதாவது 8 லட்சம் ரூபாய்க்கு மேல். சிறிய சஞ்சிகைகள் இவ்வளவு கேட்பதில்லை என்பது உண்மைதான். ஆயினும் மாதம் 25,000 ரூபாய் அளவில் ஊதியம் பெற்று, அதுவும் ஆண்டு முழுவதும் நிச்சயமில்லாமல் வேலை பார்க்கும் ஒரு கௌரவ விரிவுரையாளருக்கு, அவர்கள் கேட்கும் தொகையும் குடும்பத்தை உலுக்கக்கூடியதே.

படிக்கும் வாசலைத் திறக்க அரசு ஒரு பெருமுயற்சி செய்திருக்கிறது என்பதை மறைக்கலாகாது. 2024 நவம்பர் 25ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின்படி, 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 சஞ்சிகைகளுக்கு மூன்றாண்டுச் செலவாக 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, 6,300க்கு மேற்பட்ட அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் அவற்றைப் படிக்க வழி செய்யப்பட்டது. அரசுக் கல்லூரி மாணவனுக்கு இது உபகாரமே. ஆனால் நம்மவர் இலவசமாக எழுதி, நம்மவர் இலவசமாக மதிப்பிட்டதை, நம் பணத்தையே கொடுத்து ஆண்டுதோறும் மீட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. அரசு நிறுவனமல்லாத கல்லூரியின் மாணவனையும், கல்லூரியிலேயே இல்லாத சித்த வைத்தியனையும், மலையூர்ப் பள்ளி ஆசிரியனையும் எண்ணும்போது அதன் எல்லை எவ்வளவு குறுகியது என்பது புலப்படும்.

பணத்தைவிடவும் என்னைக் கலங்கச் செய்வது காலம்.

2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பதின்மூன்று மாதங்கள் கழித்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே நஞ்சு 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் என்பது குடித்த மாத்திரத்தில் கொல்லும் பொருளன்று; கல்லீரல் அதைப் படிப்படியாக ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது; அந்த அமிலமே இரத்தத்தைப் புளிக்கச் செய்து, பார்வை நரம்பை அவித்து, மூச்சை நிறுத்துகிறது. நஞ்சு நஞ்சாவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தச் சில மணி நேரம்தான் வைத்தியனுக்கு வாய்த்த அவகாசம். அந்த மாற்றத்தைத் தடுக்கும் ஃபோமெபிசோல் என்னும் மருந்து, அது கிடைக்காத இடத்தில் அளந்து கொடுக்கும் எத்தனால், அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளவையே. புத்தகத்தில் இல்லாதவை எவையென்றால், கூட்டம் கூட்டமாக நோயாளிகள் வந்து சேரும் ஒரு மாவட்ட மருத்துவமனையில் யாரை முதலில் டயாலிசிஸுக்கு அனுப்புவது, எந்த அறிகுறி பிழைப்பதையும் எந்த அறிகுறி பிழையாததையும் முன்கூட்டிச் சொல்லிற்று, எவரை வேற்றூர் மருத்துவமனைக்கு அனுப்பலாம், எவரை அசைக்கவே கூடாது என்பன. 2022இல் தொடங்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியிலும், சேலத்திலும், விழுப்புரத்திலும், புதுச்சேரி ஜிப்மரிலும் அந்த நாட்களில் கண் துஞ்சாமல் பணியாற்றிய மருத்துவர்கள் பிரத்தியட்சமாக அறிந்தவை இவை.

ஒரு மருத்துவக் கட்டுரை சஞ்சிகையின் வாசலில் நுழைந்து அச்சாகி வெளிவர ஓராண்டு ஆவது சர்வசாதாரணம். மரக்காணத்துக்கும் கருணாபுரத்துக்கும் இடையே இருந்ததும் ஏறக்குறைய அவ்வளவு காலமே. முதல் துயரத்தில் ஒரு மருத்துவர் கற்றதை அடுத்த மாதமே ஒழுங்காக எழுதிப் பொதுவில் வைத்திருந்தால், இரண்டாவது துயரத்தின் முதல் இரவில் பணியிலிருந்த ஓர் இளம் மருத்துவர் அதைத் தம் கைப்பேசியில் படித்திருக்க முடியும். படித்திருந்தால் இத்தனை பேர் பிழைத்திருப்பர் என்று கணக்குச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் படிக்கக் கிடைத்திருக்க வேண்டும் என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. சாராய வியாபாரியையும் அவனுக்குத் துணைபோனவர்களையும் சட்டம் விசாரிக்கட்டும். அறிவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வேகத்தை விசாரிக்க வேண்டியவர்கள் நாம்.

ப்ரீபிரின்ட் என்று ஆராய்ச்சியாளர் வழங்குவதை முன்னச்சு என்று சொல்லிக்கொள்வோம். கட்டுரை எழுதி முடித்தவுடன், சஞ்சிகையின் தீர்ப்புக்குக் காத்திராமல், அதைப் பெயரும் தேதியும் இட்டு ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைத்துவிடுவதே அது. வைக்கவும் கட்டணமில்லை, படிக்கவும் கட்டணமில்லை. பிழை கண்டால் திருத்தி இரண்டாம் பதிப்பாக ஏற்றலாம். முதற்பதிப்பும் அழியாமல் அங்கேயே நிற்கும். பிறகு சஞ்சிகைக்கு அனுப்புவதற்கும் பெரும்பாலும் தடையில்லை.

இது நமக்கு அந்நியமான வழக்கம் என்று எவரேனும் எண்ணினால் அவர்களுக்கு 1928ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரி 28ஆம் தேதி கல்கத்தாவில் தம் பெயர் பெற்ற விளைவைக் கண்ட சி. வி. ராமன், மறுநாளே அதைப் பத்திரிகையாளருக்கு அறிவித்தார்; மார்ச் 16ஆம் தேதி பெங்களூரில் தென்னிந்திய விஞ்ஞான சங்கத்தின் கூட்டத்தில் அதைப் பற்றி விரிவாகப் பேசினார்; அந்தப் பேச்சை, இரண்டாண்டுகளுக்கு முன் தாமே தொடங்கி நடத்திவந்த இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸில் அந்த மாத முடிவுக்குள் அச்சிட்டு, பிரதிகளை உலகத்து இயற்பியலாளர்களுக்குத் தபாலில் அனுப்பிவைத்தார். அதே சமயத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் என்னும் இருவர் படிகங்களில் அதே விளைவைக் கண்டிருந்தனர். அவர்களுடைய கட்டுரை ஜெர்மானியச் சஞ்சிகையில் வெளிவந்தது ஜூலையில்தான். 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. அடிமை நாட்டில் இருந்துகொண்டு, ஐரோப்பாவின் தயவுக்குக் காத்திராமல், கண்டதைக் கண்ட உடனே உலகத்தின் முன் வைத்த அந்தத் திருச்சிராப்பள்ளிக்காரரின் துணிவை நாம் பாடப்புத்தகத்தில் வியக்கிறோம். நம் மாணவர்களுக்கு அனுமதிப்பதில்லை.

பிற்காலத்து இயற்பியலாளர் இந்த வழக்கத்தைத் தங்கள் இயல்பாகவே ஆக்கிக்கொண்டார்கள். சஞ்சிகையில் வரும் முன்பே கட்டுரையைச் சைக்ளோஸ்டைல் செய்து ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். உயிரியல் துறையினருக்கும் 1961 முதல் அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனம் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துகொடுத்தது. அவ்விதம் சுற்றுக்கு விட்ட கட்டுரைகளை அச்சிடமாட்டோம் என்று சஞ்சிகைகள் எதிர்த்ததால் சில ஆண்டுகளிலேயே அது மடிந்தது. இயற்பியலாளர் மட்டும் விடவில்லை. 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க், லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஒரு கணினியில் அந்தத் தபால் வழக்கத்தை மின்வழியாக்கினார். அதுவே ஆர்க்கைவ் என்று இன்று உலகம் அறிந்த களஞ்சியம். அதன் பிரதி ஒன்று சென்னைத் தரமணியில், அல்லாடி ராமகிருஷ்ணன் 1962இல் நிறுவிய கணித அறிவியல் நிறுவனத்தின் கணினியில் நெடுங்காலம் இருந்து சேவை செய்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து நாலைந்து மணி நேரப் பிரயாண தூரத்தில், சந்தா கட்டாத எவருக்கும் பௌதிகத்தின் அன்றாடப் புதுமைகள் திறந்து கிடந்தன. தாவரவியலாரும் மருத்துவரும் அதற்காக 2013ஆம் ஆண்டின் பயோஆர்க்கைவ் வரையிலும், 2019ஆம் ஆண்டின் மெட்ஆர்க்கைவ் வரையிலும் காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டவருக்கென்று இந்தியாஆர்க்கைவ் என்ற ஒன்றும் 2019இல் தொடங்கப்பட்டது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். ஓர் எண் பகா எண்ணா என்பதை நிச்சயமாகவும் விரைவாகவும் கண்டறியும் முறையை, கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால் என்னும் ஆசிரியரும் நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்னும் அவருடைய இரு மாணவரும் 2002 ஆகஸ்டில் கண்டுபிடித்து, நேராக இணையத்தில் வைத்தார்கள். சில தினங்களில் உலகத்தின் கணித வல்லுநர்கள் அதைப் படித்துச் சரியென்று உறுதி செய்தார்கள். எளிமைப்படுத்தும் யோசனைகளும் வந்தன. அவை அடுத்த வடிவத்தில் இடம்பெற்றன. 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ்' என்னும் பெருமைக்குரிய சஞ்சிகையில் அது அச்சானது 2004இல். அந்த இரண்டாண்டுகளில் கணித உலகம் காத்துக்கொண்டிருக்கவில்லை, அந்த முறையின்மேல் அடுத்த வேலைகளைச் செய்துகொண்டிருந்தது.

எதிர்ப்பாளரின் வாதம் அற்பமானதன்று. யாரும் மதிப்பிடாததைப் பொதுவில் வைத்தால் பொய்யும் மெய்யோடு கலந்து உலவாதா என்று கேட்கிறார்கள். உலவும், உலவியும் இருக்கிறது. 2020 ஜனவரி இறுதியில், புதிய கொரோனா வைரஸின் சில பகுதிகள் எச்.ஐ.வி.யை ஒத்திருக்கின்றன என்று தில்லி ஆராய்ச்சியாளர் சிலர் பயோஆர்க்கைவில் ஒரு முன்னச்சை வைத்தனர். அது வதந்திக்குத் தீனியாயிற்று. ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். பல நாட்டு விஞ்ஞானிகள் உடனே அதன்கீழேயே தம் பெயரோடு தவறுகளை எடுத்துக்காட்ட, இரண்டு மூன்று நாட்களில் ஆசிரியர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். அதே ஆண்டு மே 22ஆம் தேதி, முறைப்படி மதிப்பிடப்பட்டு லான்செட் என்னும் மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கட்டுரையின் தரவுகளை எவராலும் சரிபார்க்க முடியாமற்போய், ஜூன் 4ஆம் தேதி அது வாபஸ் ஆயிற்று. அதற்கிடையே அதை நம்பி உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையின் ஒரு பகுதியை நிறுத்திவைத்திருந்தது. அந்த ஜூனிலேயே, டெக்ஸாமெதசோன் என்னும் மலிவான மருந்து கடும் கொரோனா நோயாளிகளின் மரணத்தைக் குறைக்கிறது என்ற பிரிட்டிஷ் ஆய்வு முன்னச்சாக வந்தது. சஞ்சிகையில் அது ஏறியது ஜூலை மத்தியில். நம்மூர் மருந்துக் கடையில் கிடைக்கும் அந்த மருந்தின் விஷயத்தில், அந்தச் சில வாரங்களை இழக்கக்கூடிய நிலையிலா நாம் அன்று இருந்தோம்?

மதிப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இன்றியமையாதது. ஆனால் இன்று நாம் காணும் மறைமுக மதிப்பீடு அநாதியானதன்று. நேச்சர் சஞ்சிகையே எல்லாக் கட்டுரைகளுக்கும் அதை விதியாக்கிக்கொண்டது 1973இல்தான். 1936இல் ஐன்ஸ்டைன், ரோசன் என்பவரோடு சேர்ந்து ஈர்ப்பலைகள் இல்லை என்று எழுதிய கட்டுரையை ஃபிசிகல் ரெவ்யூ ஒரு மதிப்பீட்டாளருக்கு அனுப்ப, ஐன்ஸ்டைன் சினந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிழை ஐன்ஸ்டைனுடையது, சரியாகக் கண்டவர் மதிப்பீட்டாளரே. பிற்பாடு ஐன்ஸ்டைனும் முடிவை மாற்றிக்கொண்டார். அத்தனை பெரிய மேதையைத் திருத்திய அந்த மனிதர் பிரின்ஸ்டனைச் சேர்ந்த ராபர்ட்ஸன் என்பது உலகுக்கு நிச்சயமாகத் தெரிய ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆயின. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அரங்கேறியபோது அதைக் கேட்டுத் தெளிந்தவர் அதங்கோட்டாசான் என்று பாயிரம் பெயர் சொல்கிறது. நூல் செய்தவன் பெயரோடு அதைச் சோதித்தவன் பெயரும் இரண்டாயிரம் ஆண்டுக் காலமாக நம்மிடம் நிற்கிறது. நூலை அவையில் வைத்து, கடாவுக்கு விடை சொல்லி, எல்லோரும் கேட்க அதை நிலைநிறுத்துவது நம் முன்னோர் கொண்ட முறை. ஆசிரியனும் ஆட்சேபிப்பவனும் ஒருவரையொருவர் பார்த்தனர். முன்னச்சின் கீழே பெயரோடு எழுதப்படும் விமரிசனம் அந்த முறைக்கு, பூட்டிய அறையில் எழுதப்படும் அநாமதேயத் தீர்ப்பைவிட, மிக நெருக்கமானது. 2023 முதல் ஈலைஃப் என்னும் உயிரியல் சஞ்சிகை, தான் மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட முன்னச்சுகளை ஏற்பு, மறுப்பு என்று தீர்க்காமல், மதிப்பீட்டுரைகளோடு சேர்த்தே வெளியிடுகிறது. அதற்காக அது தன் இம்பாக்ட் ஃபேக்டரையும் இழந்தது, இழந்தும் மாறவில்லை.

பிழையோடு வெளியிட்டால் மானம் போகும் என்ற அச்சம் நம் ஆசிரியர்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அவர்கள் உ. வே. சாமிநாதையரை எண்ணிப் பார்க்கலாம். 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிட்ட அவர், அதன் பிறகு கிடைத்த ஏடுகளையும் தாம் புதிதாகத் தெளிந்தவற்றையும் கொண்டு திருத்தி 1907இல் இரண்டாம் பதிப்பைக் கொணர்ந்தார். பூரணமாகட்டும் என்று இருபது ஆண்டுகள் முதற்பதிப்பையே நிறுத்திவைத்திருந்தால், அந்த இருபது ஆண்டுகளில் தமிழ்நாடு சிந்தாமணியின்றி இருந்திருக்கும். இந்தக் கட்டுரையை ஏற்று அச்சிடுவதும் ஒரு சிறுபத்திரிகைதான். பெரும் பத்திரிகைகளின் அனுமதிக்குக் காத்திராமல் 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கியிராவிட்டால், புதுக்கவிதை எவ்வளவு காலம் தலைமறைவாக இருந்திருக்குமோ யார் கண்டார்கள்.

நோயின் மூலம் சஞ்சிகைகளிடம் மட்டும் இல்லை. எண்ணிக்கையை ஞானமாகக் கருதிய நம் நிர்வாகத்திடமும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் பதவிக்கும் உயர்வுக்கும் கட்டுரைகளை மதிப்பெண்ணாக மாற்றியபோது, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலிச் சஞ்சிகைகள் நாடெங்கும் முளைத்தன. குழுவே அங்கீகரித்த பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் ஒரே அறிவிப்பில் 4,300க்கு மேற்பட்ட சஞ்சிகைகளை நீக்க வேண்டி வந்தது. அதன்பின் கேர் என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற நிபந்தனையை 2022ஆம் ஆண்டின் விதிகள் எடுத்துவிட்டன. எனினும் பல இடங்களில் வழக்கம் விதியைவிட வலுவாக நிற்கிறது. பட்டியலை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. கட்டுரை வந்த இடத்தைப் பாராமல் கட்டுரையைப் படித்துப் பார்க்கும் சிரமத்தைத் தேர்வுக் குழுவினர் ஏற்றுக்கொள்ளாதவரை எந்தப் பட்டியலாலும் பயனில்லை. முன்னச்சு திறந்து கிடப்பதால் அந்தச் சிரமத்தைத் தட்டிக்கழிக்கச் சாக்கும் இராது. கேட்ஸ் அறக்கட்டளை 2025 தொடக்கத்திலிருந்து, தன் பணத்தில் நடக்கும் ஆய்வுகளை முன்னச்சாக வைக்கச் சொல்கிறது, சஞ்சிகைக் கட்டணத்துக்குப் பணம் தருவதை நிறுத்திவிட்டது. நம் மத்திய அரசின் அறிவியல் துறைகளும் 2014இலேயே, தம் நிதியில் எழுந்த கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தன. சென்னையிலிருந்து இதற்காகப் பல்லாண்டு ஓயாமல் வாதாடிவந்தவர் சுப்பையா அருணாசலம். அவர் குரலுக்குச் செவிசாய்த்தவர்கள் தில்லியிலும் பெங்களூரிலும் இருந்த அளவுக்கு நம் மாவட்டக் கல்லூரிகளில் இல்லாமற்போனதை ஒரு குறையாகவே கருதுகிறேன்.

ஒரே ஓர் இடத்தில் என் உற்சாகத்தை நானே நிறுத்திக்கொள்கிறேன். எழுதி வெளியிட்டது பாதுகாப்புத் தரும் என்பதற்கு மஞ்சள் ஒரு சாட்சி: மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட காப்புரிமை, இந்திய மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் 1953இல் வந்த ஒரு கட்டுரை உள்ளிட்ட ஆதாரங்களை நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் காட்டியதால் 1997இல் ரத்தாயிற்று. தேதியிட்டுப் பொதுவில் வைத்த எழுத்துக்கு அந்த வலிமை உண்டு. ஆனால் ஒரு குடும்பமோ ஓர் ஊரோ வழிவழியாகக் காத்த மருந்தறிவை, அவர்கள் சம்மதமின்றி உலகுக்குத் திறந்துவிடுவது தர்மமாகாது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டமும் பயனைப் பகிர்வதைப் பற்றிப் பேசுகிறது. சஞ்சிகையின் பூட்டு அந்த மக்களைக் காப்பதில்லை. வசதி படைத்த மருந்துக் கம்பெனிக்கு அந்தப் பூட்டின் சாவி விலைக்குக் கிடைக்கும், மலைக்காரனுக்குத்தான் கிடைக்காது. ஆகவே சம்மதத்தைக் கேட்க வேண்டியது கட்டுரை ஏறும் தினத்துக்கு வெகு முன்னால், முதல் கிளையை ஒடிக்கும்போது.

அதனால் கள்ளக்குறிச்சி வட்டாரக் கல்லூரிகளிலும் மருத்துவக் கல்லூரியிலும் ஆராய்ச்சி செய்வோரிடம் நான் வேண்டுவது இவ்வளவே. மலையிலோ மருத்துவமனையிலோ திரட்டியதை எழுதி முடித்ததும், நோயாளியின் அடையாளமும் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொள்ளப்பட்டவையும் நீங்கலாக, முன்னச்சாக வையுங்கள்; அதோடு தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் சேருங்கள்; செடியின் குணத்தைச் சொன்னவர் விரும்பினால் அவர் பெயரையும் ஊரையும் ஆசிரியர் பெயர்களுக்கு அருகிலேயே எழுதுங்கள். பிறகு அந்தத் தமிழ்ப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வெள்ளிமலைக்கு ஒரு தடவை போய், சொன்னவர்கள் முன்னிலையில் வாசித்துக் காட்டுங்கள். வேர் என்று எழுதியிருப்பது பட்டை என்றோ, மூன்று நாள் என்றது ஐந்து நாள் என்றோ அவர்களில் ஒருவர் திருத்துவார். அந்தத் திருத்தத்தை அவர் பெயர் சொல்லி இரண்டாம் பதிப்பில் சேர்ப்பதற்குக் களஞ்சியங்களில் இப்போதே இடம் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணமும் கிடையாது.